வாயிற்கதவு பழுதானால்

ஐதராபாத்தின் வடபகுதியில் உள்ள அல்வால், 2007ஆம் ஆண்டு பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. பணியின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து அங்குச் சென்ற குடும்பங்கள் பல, அடுக்குமாடிக் கட்டடங்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. இத்தகைய கட்டடங்களில் அடிக்கடி எழும் பூசல் ஒன்று உண்டு. சுற்றுச்சுவர் சரிகிறது, வாயிற்கதவின் தாழ்ப்பாள் உடைகிறது, மாடிப்படி விளக்கு எரிவதில்லை. "சரிசெய்து தாருங்கள்" என்கிறார் குடியிருப்பவர். "இந்த வாடகைக்கு இதுவே மிகுதி" என்கிறார் வீட்டு உரிமையாளர். "அப்படியானால் வாடகையைக் குறைத்தே தருவேன்" என்று பேச்சு முற்றுகிறது.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. வாடகைப் பணத்தையே நம்பி வாழும் முதிய உரிமையாளருக்குத் திடீர்ச் செலவு பெருஞ்சுமை. பிள்ளைகளை வீட்டில் விட்டுப் பணிக்குச் செல்லும் பெற்றோருக்கோ தாழில்லாத வாயில் ஓயாத அச்சம். ஆயினும் செலவு காத்திருக்கலாம், திருடன் காத்திருக்கமாட்டான். ஆகவே, அனைவர்க்கும் பொதுவான சுவர், வாயில், விளக்கு ஆகியவற்றைச் செம்மையாக வைத்திருக்கும் முதற்பொறுப்பை உரிமையாளரே ஏற்பது முறை.

இதற்குச் சட்டம் வழிகாட்டுகிறது. உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கிடைத்த பின்னும் தக்க காலத்துக்குள் செய்யாவிடில், குடியிருப்பவர் தாமே அதனைச் செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். இதில் 'கடமைப்பட்ட' என்னும் சொல் முதன்மையானது. எது யார் கடமை என்று ஒப்பந்தத்தில் எழுதாவிடில் அங்கேயே வழக்குத் தொடங்கிவிடும்.

நடுவண் அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இக்கடமைகளைப் பிரித்துக் காட்டுகிறது. கட்டடத்தின் அமைப்பு, நீர்க்குழாய், மின்கம்பி ஆகியவற்றின் பழுது உரிமையாளரைச் சாரும். வீட்டுக் கதவின் பூட்டும் கைப்பிடியும் குடியிருப்பவரைச் சாரும். உரிமையாளர் மறுத்தமையால் குடியிருப்பவர் செய்த செலவுக்காக, ஒரு மாத வாடகையில் பாதிக்குமேல் கழித்தல் கூடாது. வாடகை 12,000 ரூபாய் எனின், 6,000 ரூபாயே உச்ச அளவு. மாநிலங்கள் தமக்கென இயற்றினால்தான் இச்சட்டம் நடைமுறைக்கு வரும். ஆயினும், ஒப்பந்தம் எழுதுவோர்க்கு இப்பிரிவினை நல்ல முன்மாதிரியாகும்.

சினத்தால் முழு வாடகையையும் நிறுத்துவது குடியிருப்பவர்க்கு அழகன்று. அவ்வாறு நிறுத்தினால், நியாயம் தம் பக்கம் இருந்தும் அவரே கடன்பட்டவராகிவிடுவார். அதற்குப் பதிலாகத் தண்ணீரை அடைப்பது உரிமையாளர்க்கும் தகாது. குறையை எழுத்தில் தெரிவித்து, தக்க காலம் கொடுத்து, செலவுக்கு உரிய பற்றுச்சீட்டைக் காட்டி, அத்தொகையை மட்டும் கழிப்பதே நேர்மை.

புலம்பெயர்ந்த பெற்றோர் பலர், அயல்மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமலே கையொப்பமிடுகின்றனர். ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் அதனை வரி வரியாகத் தமிழில் விளக்கிச் சொல்லலாம். சுற்றுச்சுவர், வாயிற்கதவு, மாடிப்படி விளக்கு ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவர் யார் என்று அதில் எழுதியிருக்கிறதா எனத் தேடிப் பார்க்கலாம். இல்லையெனில், கையொப்பமிடும் முன்பே அதனை எழுதச் சொல்லிக் கேட்பது குடியிருப்பவரின் உரிமை.