மிக்ஸியும் என் பையனும்

"மிக்ஸி சத்தத்துக்கெல்லாம் காதைப் பொத்தினா எப்படிப்பா? தினமும் ஓட்டு, தானா பழகிடும்."

போன வாரம் ஒரு கல்யாண வீட்ல சித்தப்பா சொன்னது. பந்தியில உட்கார்ந்து சண்டை போட முடியுமா? ரசத்தைப் பார்த்துத் தலையாட்டிட்டு வந்துட்டேன். அதான் இங்க புலம்பல் :-)

பையனுக்கு ஏழு வயசு. ஆட்டிசம். சித்தப்பா சொன்ன வைத்தியத்தை மூணு வருஷம் முன்னாடியே செஞ்சு பார்த்தவன் நான். வேணும்னே அவனைப் பக்கத்துல நிக்கவச்சு ஒரு மாசம் சட்னி அரைச்சேன். பழகல. சமையலறைக்கு வர்றதையே நிறுத்திட்டான். பசிச்சாக்கூட வாசப்படியிலேயே நிப்பான். இன்னிக்கு நினைச்சாலும் வெட்கமா இருக்கு.

அது அடம் இல்லைங்க, வலி. நமக்கு வெறும் இரைச்சலா கேக்குறது இந்தப் பிள்ளைகள் பலருக்குக் காதைக் குத்தும். எப்ப வரும்னு தெரியாம திடீர்னு வந்தா இன்னும் மோசம். அதனால இப்ப சுவத்து சுவிட்ச் அவன் பொறுப்பு. காதுல ஹெட்போன் மாதிரி ஒரு இயர்மஃப். நான் ஜார் மூடியை அழுத்திப் பிடிச்சதும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணிட்டு அவன் போடுவான். மிக்ஸிக்கு அடியில ரப்பர் மேட். (துணியை மடிச்சு வைக்காதீங்க, காத்து போற ஓட்டை அடைச்சு மோட்டார் சூடாயிடும்.)

அடுத்தது டியூப்லைட். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வச்ச டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, சில பிள்ளைகளுக்கு உறுத்தும். எல்இடி மாத்தினா போதும்னு இல்லை, மட்டமான எல்இடியும் மினுக்கும். கடையிலேயே மொபைல் கேமராவை பல்புக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. திரையில கறுப்புப் பட்டை ஓடினா அது வேண்டாம்.

டிவி ரிமோட்டுக்கு அட்டையில ஒரு சட்டை, நாலு பட்டனுக்கு மட்டும் ஓட்டை. செலவு செலோ டேப்தான். ஐபேட்ல 'கைடட் ஆக்சஸ்'னு ஒண்ணு 2012லேர்ந்தே இருக்கு. ஒரே ஆப்ல நிறுத்தி வைக்கலாம், தொடக் கூடாத இடத்தை விரலால வட்டம் போட்டு மூடலாம். ஆண்ட்ராய்டுல 'ஸ்க்ரீன் பின்னிங்'. எல்லாம் இலவசம். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படத்தைத் தொட்டா பேசுற 'ஆவாஸ்' நம்ம சென்னையில உருவானது, தமிழும் பேசும். இதுக்குக் காசு உண்டு, ஆனா தகும். 'ஸ்பெஷல்'னு பேர் ஒட்டி பத்து மடங்கு விலை சொல்ற சாமான்கள் பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போயிடாதீங்க.

"வெளியுலகம் இவனுக்காக மாறுமா?"ன்னும் சித்தப்பா கேட்டார். மாறாதுதான். அதுக்காக வீடும் மாறக் கூடாதா? அவர் மூக்குல தடிக் கண்ணாடி. கழட்டுங்க, பழகிடும்னு யாராவது அவர்கிட்ட சொல்லியிருக்கோமா? 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துலயே ஆட்டிசம் இருக்கு. சொந்தக்காரங்க கணக்குல மட்டும் இன்னும் 'செல்லம் கொடுத்துக் கெடுத்த புள்ள'.

நேத்து காலையில கூப்பிடாமலே வந்து சுவிட்ச் பக்கத்துல நின்னான். எண்ணினான், போட்டான். தேங்காய் மசியறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டான். திப்பி திப்பியா இருந்த சட்னியைத்தான் எல்லாரும் சாப்பிட்டோம்.