2050இல் திரும்பி வந்த மாமா: எதிர்காலத்தை எழுதும் உரிமை யாருடையது?

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதி, கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பாறையைத் தாண்டுகிறது. பாறையின் நடுவே ஒரு துளை. பழைய வீதி அதற்குள்ளால்தான் போனது. மலையைத் துளைக்காதவரை வெளியார் யாரும் கண்டி இராச்சியத்தை ஆள முடியாது என்று அக்காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்ததாம். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1820களில் வீதி வெட்டியபோது அதை அறிந்தே பாறையைத் துளைத்தார்கள் என்று இங்கே சொல்வார்கள். வீதி அமைத்த கப்டன் டோசனுக்கு நினைவுக் கோபுரம் சற்று மேலே நிற்கிறது. அந்தக் கதையை முதலில் சொன்னவருக்குக் கோபுரம் இல்லை.

2025 நவம்பரில் இதே மலைச்சரிவு பஹல கடுகண்ணாவையில் இடிந்து உயிர்களைப் பலியெடுத்தது. அடுத்த சில நாட்களில் டித்வா புயல் வந்து கண்டி மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. பாடசாலைகள் மீண்டும் திறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ‘2050இல் என் ஊர்’ என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். மண்சரிவை முன்கூட்டியே சொல்லும் கருவி, கண்டிக்கு அரை மணித்தியாலத்தில் போகும் ரயில் என்று பலரும் எழுதினார்கள். தரம் 10 மாணவி ஒருத்தி வேறொன்று எழுதியிருந்தாள்.

அவளுடைய அம்மாவின் குடும்பம் 1977 வன்செயலில் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு ஓடியது. 2009க்குப் பிறகு, எஞ்சியவர்கள் உறவினரைத் தேடி மீண்டும் இந்தப் பக்கம் வந்தார்கள். எஞ்சாதவர்களில் அவளுடைய மாமாவும் ஒருவர். கட்டுரையில் அவர் 2050ஆம் ஆண்டு ஒரு காலையில் கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார். படத்தில் இருக்கும் அதே சட்டை. வயது 23. ஒரு நாளும் கூடவில்லை. அவரைக் கூட்டிப்போக வந்த தங்கைக்கு மட்டும் தலை நரைத்துவிட்டது. மாமா, ‘அம்மா எங்கே?’ என்று தங்கையைப் பார்த்துக் கேட்கிறார். அவளையே தன் தாயின் முகச்சாயல் உள்ள யாரோ ஒரு கிழவி என்று நினைத்துக்கொள்கிறார்.

நான் சிவப்பு மையால் ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துத்தான் நான் செய்த பிழை உறைத்தது. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணம் செய்பவருக்கு வயது மெதுவாகவே கூடும் என்பது ஐன்ஸ்டைன் சொன்ன விஞ்ஞானம். அதை வைத்து உலகில் எத்தனையோ விஞ்ஞானப் புனைகதைகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் படிக்காத பிள்ளை, காணாமலாக்கப்பட்டவருக்குப் புகைப்படத்தில் வயதாவதில்லை என்ற ஒரே உண்மையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். அதை வாசிக்கத் தெரியாதவன் நான்தான்.

இந்தப் பிழை எனக்கு மட்டும் உரியதா என்று பார்க்கத்தான் இக்கட்டுரை.

இலங்கைக்கு வந்த விருதுகள்

விஞ்ஞானப் புனைகதை உலகில் இலங்கை சிறிய பெயரல்ல. ஆதர் சி. கிளார்க் 1956இல் இங்கு குடியேறி, 2008 மார்ச்சில் இறக்கும்வரை கொழும்பில் வாழ்ந்தார். அவரும் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டது நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்த செய்தி. 1979இல் வெளிவந்த அவருடைய நாவலொன்றில், சிவனொளிபாத மலையை ஒத்த ஒரு மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டுகிறார்கள். கதைக்கு வசதியாக இலங்கையையே பூமத்திய ரேகைக்கு நகர்த்திவிட்டார் மனிதர். 2007 டிசெம்பரில் தன் 90ஆவது பிறந்தநாளுக்கு அவர் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுலக உயிர்களுக்கு ஆதாரம் கிடைக்கவேண்டும். உலகம் எண்ணெயையும் நிலக்கரியையும் விட்டுச் சுத்தமான சக்திக்கு மாறவேண்டும். இலங்கையில் நிலையான சமாதானம் வரவேண்டும். மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்தது அன்று வேடிக்கையாகத் தோன்றியது. அடுத்த மே மாதத்திற்கும் அதற்கடுத்த மே மாதத்திற்கும் இடையில் வன்னியில் என்ன நடந்தது என்பதை நாம் அறிவோம்.

2022 ஒக்டோபரில் ஷெஹான் கருணாதிலக புக்கர் பரிசு பெற்றார். அவர் நாவலின் கதாநாயகன் ஒரு போர்ப் புகைப்படக்காரன். 1990இல் கொல்லப்பட்ட அவன், தன்னைக் கொன்றது யார் என்று ஆவியாக அலைந்து தேடுகிறான். பரிசு மேடையில் கருணாதிலக ஒரு விருப்பம் சொன்னார்: எதிர்கால இலங்கையில் இந்தப் புத்தகம் கடைகளில் மாயக் கதைகளின் தட்டில், பறக்கும் நாகங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்படவேண்டும்; அதை யதார்த்தம் என்றோ அரசியல் அங்கதம் என்றோ யாரும் நினைக்கக்கூடாது.

2024 ஜூனில் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர தன் முதல் நாவலுக்கு, விஞ்ஞான, மாயப் புனைவுகளுக்கான நெபியூலா விருதை வென்றார். புத்தருக்கும் அவர் மகன் ராகுலனுக்கும் உள்ள கதையைத் தலைகீழாக்கி, இனப்படுகொலைகளும் தடுப்பு முகாம்களும் முடிவில்லாத அலுவலகப் படிவங்களும் நிறைந்த ஒரு நகரத்தை அவர் கட்டினார். அந்த நகரம் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் நம்மில் பலர் அங்கு வரிசையில் நின்றிருக்கிறோம்.

இவை நல்ல நூல்கள். சிங்கள சமூகத்தில் பிறந்த இவ்விருவரும் பெரும்பான்மையின் வன்முறையை மறைக்காமல் எழுதியவர்கள். என் கேள்வி அவர்களை நோக்கியதல்ல. ஆவியும் மந்திரக் கதவும் இந்த நாட்டின் போரைச் சொல்ல இவ்வளவு பொருத்தமானவை என்றால், அந்தப் போருக்குள் வாழ்ந்தவர்களின் மொழியில் அவை ஏன் இவ்வளவு அரிதாக இருக்கின்றன?

சாட்சிக் கூண்டு

தமிழில் கற்பனைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் சுஜாதா விஞ்ஞானக் கதைகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். ஜெயமோகனின் ‘விசும்பு’ முழுக்க அறிவியல் புனைகதைகள். திருகோணமலையில் பிறந்த பிரமிள், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டையே தலைப்பாக்கிக் கவிதை எழுதினார். ஆனால் போருக்குப் பின் நம் எழுத்தின் பெரும்பகுதி ஒரே வேலையைச் செய்தது: நடந்தது நடந்தது என்று நிறுவுவது. நாவல், சிறுகதை, நினைவுக்குறிப்பு எல்லாமே வாக்குமூலமாகின. இதில் குறை காண எதுவுமில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையே மறுக்கப்படும் நாட்டில், எழுத்தாளர் முதலில் எண்ணத்தான் வேண்டியிருக்கிறது. கற்பனை கலந்தால், ‘பார்த்தீர்களா, எல்லாம் இட்டுக்கட்டியது’ என்று சொல்லக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் அச்சம். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை முன்னிட்டு 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அதில் இருந்தன. உருவகங்கள் ஒப்புதல் வாக்குமூலம்போல வாசிக்கப்பட்டன. 2021 டிசெம்பரில்தான் பிணை. 2023 டிசெம்பரில் விடுதலை. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவும் ஒரு சிறுகதைக்காக 2019இல் சிறை சென்றார். நாட்டின் சொந்த மொழிகள் இரண்டிலும் கற்பனைக்குக் காவல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆவிக்குப் பரிசு கிடைக்கிறது. தமிழில் எழுதப்படும் உருவகத்தைப் பொலிஸார் மொழிபெயர்ப்பிக்கிறார்கள்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லச் சற்றுத் தயக்கம்: நாமே அதைத் தாழ்வாக நினைக்கிறோம். பேய்க்கதை பிள்ளைகளுக்கு, வேற்றுக்கிரகக் கதை சினிமாவுக்கு என்று பிரித்துவிட்டோம். ஆனால் போரைப் பேய்களின் வாயால் சொன்ன மொழி இது. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் களத்தின் கதையைச் சொல்வது பேய். பிணங்களுக்கிடையே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுவதும் பேய்களே. அது வென்றவனின் பாடல். தோற்றவர்கள் காய்ச்சுவது முள்ளிவாய்க்கால் கஞ்சி. 2024 மே மாதம் சம்பூரில் அதற்காகவும் கைது செய்தார்கள். கூழுக்குப் பரணி உண்டு. கஞ்சிக்கு இன்னும் இல்லை.

பின்லாந்தின் வழி

இதே நிலையிலிருந்து நடந்து வந்த ஒரு சிறிய மொழி உண்டு. பின்லாந்தின் சனத்தொகை ஏறத்தாழ 56 இலட்சம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரைக் கூட்டினால் ஏறத்தாழ 50 இலட்சம். ஆகவே, ‘நாங்கள் சிறிய கூட்டம்’ என்ற சமாதானம் செல்லாது.

1918இல் அந்நாட்டில் சிவப்பு அணிக்கும் வெள்ளை அணிக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் இறந்தது போர்க்களத்தில் அல்ல. சுட்டுக்கொல்லப்பட்டும் கைதிகள் முகாம்களில் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். தோற்ற தரப்பின் குடும்பங்கள் வெளிப்படையாக அழவே நெடுங்காலம் இடமிருக்கவில்லை. அவர்களின் கதையைத் தேசத்தின் கதைக்குள் கொண்டுவந்தது வைனோ லின்னாவின் மூன்று பாக நாவல். அது வெளிவந்தது 1959க்கும் 1962க்கும் இடையில், போர் முடிந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு. அங்கும் சாட்சியம்தான் முதலில் வந்தது.

அதன் பிறகு வேறொரு கதவும் திறந்தது. 1918 போரின் பெருஞ்சமர் நடந்த தம்பெரே நகரிலிருந்து 1982இல் ‘போர்த்தி’ என்ற விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகை வெளிவந்தது. பெயரின் பொருள் ‘வாயில்’. அதே ஆண்டு ஹெல்சிங்கி ரசிகர்கள் இன்னொன்றைத் தொடங்கினார்கள். 1986 முதல் ‘பின்கொன்’ என்ற வாசகர் திருவிழா நடக்கிறது. எழுத்தாளரும் ஆய்வாளரும் பாடசாலைப் பிள்ளையும் ஒரே மண்டபத்தில் இருக்கும் அந்த விழாவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இந்தக் கூட்டத்துக்குள்ளிருந்தும் அதைச் சூழவும் எழுத்தாளர்கள் வளர்ந்தார்கள். யொஹன்னா சினிசாலோ, நாட்டார் கதையின் காட்டுப்பூதத்தை இன்றைய நகரத்து மாடிவீட்டுக்குள் கொண்டுவந்தார். அந்த முதல் நாவலுக்கே 2000ஆம் ஆண்டு நாட்டின் மிகப் பெரிய இலக்கியப் பரிசு கிடைத்தது. இப்படி யதார்த்தமும் விந்தையும் கலந்த எழுத்துக்கு அவர்கள் ‘பின்லாந்து விந்தை’ என்று பொருள்படும் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 2017 ஓகஸ்டில் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடே ஹெல்சிங்கிக்கு வந்தது.

தம்பெரேயில் பிறந்த எம்மி இதாரந்தாவின் 2012 நாவலை நம் வாசகர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தண்ணீர் இராணுவத்தின் கையில் இருக்கும் ஒரு எதிர்காலம். தேநீர்ச் சடங்கு செய்யும் குடும்பத்துப் பெண் ஒரு இரகசிய ஊற்றைக் காக்கிறாள். ஒளித்துத் தண்ணீர் எடுத்த வீட்டின் கதவில் நீல வட்டம் வரையப்படும். பிறகு அந்த வீட்டாருடன் அயலவர் பேசமாட்டார்கள். இராணுவம் பிடித்த காணிகளில் தங்கள் கிணற்றை முட்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு இது கற்பனையா?

பின்லாந்துக்கு ஒரு அரசு இருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஊருக்கு ஊர் நூலகம் உண்டு. 1977 முதல் அந்நாட்டு இலக்கியத்தைப் பிறமொழிகளுக்குக் கொண்டுசெல்ல ஒரு நிறுவனமே இயங்குகிறது. நமக்கோ 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ் நூலகம் எரிந்த நினைவுதான் மிச்சம். ஆயினும், அவர்கள் செய்தவற்றில் அரசு தேவைப்படாதவையும் இருக்கின்றன. இரண்டு சஞ்சிகைகளையும் தொடங்கியவர்கள் ரசிகர்கள். கட்டணமில்லாத கூடலுக்கு ஒரு மண்டபமும் நாற்காலிகளும் போதும். 2005இலிருந்து நூலகம் எண்ணிம ஆவணகத்தைத் தன்னார்வலர்களால் கட்டியெழுப்ப முடிந்த சமூகத்துக்கு இது முடியாத காரியமல்ல. பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டிகளில் ஒரு விஞ்ஞானக் கதைப் பிரிவு, புலம்பெயர்ந்தோரின் ஒரு சிறு பரிசு, கருணாதிலகவையும் சந்திரசேகரவையும் தமிழில் வாசித்துப் பேசும் ஒரு மாலை என்று தொடங்கலாம்.

சாட்சியத்தைக் கைவிடச் சொல்லவில்லை. 2025இல் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு குழந்தையின் எச்சங்களோடு நீல நிறப் பாடசாலைப் பையும் வந்தது. அதற்கு முதலில் வேண்டியது நீதிமன்றமும் மரபணுப் பரிசோதனையும்தான். ஆனால் நீதிமன்றம், அந்தப் பிள்ளை எப்படி இறந்தது என்பதை மட்டுமே கேட்கும். இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்பது கதைதான். அந்தக் கேள்வியும் நமக்கு உரியது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில் படங்களோடு அமர்ந்த தாய்மார் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் கேட்பதும் அதுவே. அவர்களில் பலர் பதில் வராமலே இறந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அந்த மாணவியிடம் கொப்பியை மீண்டும் வாங்கி, சிவப்பு மையில் எழுதியதை வெட்டினேன். “மாமா இவ்வளவு காலமும் எங்கே இருந்தார் என்று எழுதவில்லையே?” என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாது சேர்,” என்றாள். “தெரிஞ்சவங்க சொல்லமாட்டாங்களே. அதனாலதான் வந்து இறங்கினதிலிருந்து எழுதினேன்.”