பஞ்சுருளியின் காடும் பட்டா இல்லாத மனிதர்களும்

2025 அக்டோபர் 2 அன்று ‘காந்தாரா’ திரைப்பட வரிசையின் இரண்டாவது படம் வெளியானது. முந்தைய காலத்துக் கதையைச் சொல்லும் இப்படத்தைப் பார்த்தவர்கள், 2022இல் வந்த முதல் படத்துக்கு மீண்டும் திரும்புவது இயல்பே. வீரனொருவன், அவனுக்குக் கனவிலும் காட்டிலும் தோன்றி வழிகாட்டும் பன்றி உருவத் தெய்வம், அநீதி முற்றும்போது ஆவேசம் கொண்டு எழும் காவல் தெய்வம் என விரியும் கதை அது. ரிஷப் ஷெட்டி இயக்கி நடித்த அப்படம், சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும் அவருக்குப் பெற்றுத் தந்தது.

தமிழிலும் மலையாளத்திலும் வந்த இக்கதை, இவ்விரு மொழிகளும் கலந்து ஒலிக்கும் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. அட்டப்பாடியில் இருளர்களும், மூணாறு மலைகளில் முதுவர்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் வாழ்கின்றனர். காடு, நிலம், வனத்துறை, நிலவுடைமையாளர் என்று படம் அடுக்கும் நான்கும் இம்மக்களின் அன்றாட வாழ்க்கை. ஆகவே படத்தின் மாயத்தை ரசிப்பதோடு நில்லாமல், அது எழுப்பும் கேள்வியையும் தவிர்க்கும் கேள்வியையும் பிரித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

படத்தின் மையம் ஒரு நிலத் தகராறு. 1847இல் மன அமைதி தேடி அலையும் அரசன், பஞ்சுருளித் தெய்வத்தின் கல்லைப் பெறுவதற்கு ஈடாகக் காட்டு நிலத்தை மக்களுக்கு அளிக்கிறான். 1970இல் அவனது வாரிசு நிலத்தைத் திருப்பிக் கேட்கிறான். 1990இல் ஒருபுறம் வனத்துறை எல்லை வேலி போடுகிறது. மறுபுறம் பண்ணையார் அந்நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சதி செய்கிறார். வனக்காவலர் வேலை கிடைத்த அவ்வூர்ப் பெண், சீருடை அணிந்து சொந்த மக்களுக்கு எதிராகவே நிற்க நேர்கிறது. படத்தின் மிக உண்மையான பாத்திரம் அவள்தான்.

முடிவில் தெய்வம் இறங்குகிறது, பண்ணையார் அழிகிறார், வன அதிகாரியின் கையும் ஊர்மக்களின் கைகளும் இணைக்கப்படுகின்றன. ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பட்டா என்ற ஒன்று அந்த முடிவில் இடம்பெறவே இல்லை.

கதை 1970இலிருந்து 1990க்குத் தாவுவது கவனிக்கத்தக்கது. அந்த இடைவெளியில்தான் 1974இல் கர்நாடகத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டுக் குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. துளு நாட்டில் ஏராளமான குத்தகை விவசாயிகள் நில உரிமை பெற்றனர். அண்டையில் உள்ள கேரளத்தில் 1970 ஜனவரி 1 அன்றே ஜன்மி முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. இவை தெய்வ அருளால் நிகழ்ந்தவை அல்ல. குத்தகை விவசாயிகளின் பல்லாண்டுப் போராட்டமும், சிறையும், தியாகமும் இவற்றின் பின்னே உள்ளன. திரை அந்த இருபது ஆண்டுகளைத் தாண்டிச் செல்லும்போது, வரலாற்றை மாற்றிய மக்களும் திரையிலிருந்து மறைந்துவிடுகின்றனர்.

இதற்காகப் பஞ்சுருளி வழிபாட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சரியாகாது. பயிரை அழித்த காட்டுப்பன்றியின் மீது உழவனுக்கு இருந்த அச்சமே அவ்வழிபாட்டின் வேர்களில் ஒன்று. பூத கோலத்தில் தெய்வமாக ஆடுபவர்கள் நலிகே, பம்பதா, பரவா போன்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். பகலில் நிலவுடைமையாளரின் முற்றத்துக்கு வெளியே நின்றவர், அந்த ஓரிரவில் அவரை நேருக்கு நேர் அதட்டிக் கேள்வி கேட்க முடிந்தது. வடகேரளத்தின் தெய்யமும் அத்தகையதே. பேச்சுரிமை மறுக்கப்பட்டவர்கள் தெய்வத்தின் வாயால் பேசினர். அதே நேரத்தில், விடிந்ததும் அதிகாரம் பழைய இடத்துக்கே திரும்பியது என்பதும் உண்மை.

இந்த மரபை ஒற்றைச் சமய அடையாளத்துக்குள் கரைக்கும் முயற்சியும் நடக்கிறது. படத்தின் புகழ்பெற்ற பாடல் பஞ்சுருளியை வராக அவதாரமாக்குகிறது. பூத கோலம் வைதிக மரபுக்கு முற்பட்ட பழங்குடி வழக்கம் என்று கூறிய நடிகர் சேத்தன் மீது 2022இல் வழக்குப் பதிவானது. அதே ஆண்டில் அப்பாடலின் இசை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் கோழிக்கோடு, பாலக்காடு நீதிமன்றங்கள் இடைக்காலத் தடை விதித்தன. ஒரு மெட்டின் உரிமை நீதிமன்றம் வரை சென்று விவாதிக்கப்பட்டது. மக்களின் தெய்வம் யாருக்குச் சொந்தம், அவர்கள் வாழும் நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளுக்கு அத்தனை கவனம் கிடைக்கவில்லை.

அட்டப்பாடி இதற்குச் சான்று. ஆதிவாசிகளிடமிருந்து பறிபோன நிலத்தை மீட்டுத் தரக் கேரளச் சட்டமன்றம் 1975இல் சட்டம் இயற்றியது. விதிகள் வகுக்கப்பட்டதோ 1986இல். 1999இல் வந்த மாற்றுச் சட்டம், இரண்டு ஹெக்டேர் வரையிலான கைமாற்றங்களை அங்கீகரித்து, இழந்தவர்களுக்கு வேறிடத்தில் நிலம் என்று கூறியது. குடியேறிய சிறு விவசாயியைப் பாதுகாக்கும் நோக்கம் அதில் இருந்தாலும், தம் மூதாதையரின் மண்ணை இழந்தவர்களின் காயம் ஆறவில்லை. இடதுசாரி இயக்கம் இதை மறைக்காமல் பேச வேண்டும். நிலச் சீர்திருத்தத்தின் உச்சவரம்பிலிருந்து தோட்டங்கள் விலக்கப்பட்டதால், தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள் ஓய்வுக்குப் பின் லயத்தையும் காலி செய்ய வேண்டியவர்களாகவே இருந்ததையும் சேர்த்துப் பேச வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடி லயங்கள் மண்ணில் புதைந்து எழுபது உயிர்கள் பலியானபோது, அந்த உண்மை நாட்டுக்கே தெரிந்தது.

திரையில் விலங்கு வழிகாட்டியாகிறது. இடுக்கியிலோ விலங்கே நாயகனாக்கப்பட்டது. சின்னக்கானல் பகுதியில் உலவிய அரிக்கொம்பன் யானை 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. மே மாத இறுதியில் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூன் 5இல் தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றது. அதற்கு ரசிகர்கள் திரண்டனர். திரைப்பட அறிவிப்பும் வந்தது. ஆனால் யானையின் வழித்தடத்தில் ‘301 காலனி’ என்ற பெயரில் ஆதிவாசிக் குடும்பங்களைக் குடியேற்றியது யார்? நிலம் தருவதாகக் கூறி யானைகளின் நடுவே விடப்பட்ட அக்குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியேறிவிட்டன. அவர்களுக்கென ரசிகர் மன்றம் எதுவும் தோன்றவில்லை. யானையும் ஆதிவாசியும் எதிரிகள் அல்லர். இருவரையும் ஒரே துண்டு நிலத்தில் மோதவிட்ட கொள்கையே எதிரி.

தெய்வமும் நில உரிமையும் உண்மையில் கைகோத்த இடம் ஒன்று உண்டு. ஒடிசாவின் நியமகிரி மலையை டோங்ரியா கோந்து மக்கள் நியமராஜாவின் உறைவிடமாக வணங்குகின்றனர். அங்கே பாக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனம் முனைந்தபோது, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராமசபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராமசபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. அங்கே மலைத்தெய்வம் யார் மீதும் ஏறி ஆடவில்லை. மக்கள் கூடினர், பேசினர், தீர்மானம் நிறைவேற்றினர். நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் முன்நின்று வலியுறுத்திய ஒரு சட்டம் அவர்கள் கையில் ஆயுதமாக இருந்தது.

வரிசையின் இரண்டாவது படம் இன்னும் பின்னோக்கி, கடம்பர் காலத்துக்கும் அரசர்களின் அரண்மனைக்கும் செல்கிறது. போர்க்காட்சிகள் பெருகியுள்ளன, நிலத்தின் கேள்வி மேலும் தொலைவாகிவிட்டது. அதனாலேயே முதல் படத்துக்குத் திரும்புவதில் ஒரு பயன் உண்டு. வேலி போடும் வனத்துறையும், பத்திரத்தை மாற்றத் துடிக்கும் பண்ணையாரும் அதில் இன்னும் அடையாளம் தெரியும் முகங்களோடு நிற்கின்றனர். அட்டப்பாடி ஊர்களிலும் இடுக்கி லயங்களிலும் பணியாற்றும் தோழர்கள், படம் பார்த்த இளைஞர்களிடம் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம். படம் சொல்லாமல் விட்ட பட்டாவைப் பற்றியும், கூட்டப்படாத கிராமசபையைப் பற்றியும் பேசலாம். பன்றியின் உறுமல் திரையரங்கோடு முடிந்துவிடும். வன உரிமைக்கான மனு எழுதப்பட வேண்டியது ஊரில்தான்.