நாக்குக்குத் தெரியாத நஞ்சு

மேல்நாட்டு மதுக்கடைகளில், புதுச் சரக்கு வந்தால் ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். பிடித்தால் புட்டி வாங்கலாம்.

திருட்டுச் சாராயம் விற்கிறவனும் ருசி காட்டத்தான் செய்வான். ஆனால் அதில் மெத்தனால் கலந்திருந்தால்?

கும்மிடிப்பூண்டி வட்டாரம் ஆலைகள் நிறைந்தது. சாயம், மருந்து செய்ய மெத்தனால் வேண்டும். பார்த்தால் தண்ணீர், முகர்ந்தால் சாராயம். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. அதுதான் மோசம்! உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், உயிரையும் வாங்கும். அதற்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் குடித்த ஆசாமி, "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஊற்றிக் கொடுப்பார்!

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஆலைக்கு வரும் ஒவ்வொரு மெத்தனால் பீப்பாயும் எங்கே போகிறது என்று அதிகாரிகள் கணக்குப் பார்க்க வேண்டும். குடித்தவருக்குக் கண் மங்கினால், விடியட்டும் என்று வீட்டார் காத்திருக்கக் கூடாது. அன்றிரவே திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.