ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் ஜின்னா?

மனச்சிதைவு நோயுற்ற பிள்ளைக்கு மூளை ஸ்கேன் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று வந்ததும், "அப்படியானால் ஜின்தான்" என முடிவுகட்டி ஏர்வாடிக்கு வண்டி பிடிக்கும் வழக்கம் நம் தொண்டியிலும் உண்டு. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்நோயாளரின் மூளையில் நீர் நிறைந்த அறைகள் விரிந்திருப்பதை இலண்டன் ஆய்வாளர்கள் 1976-லேயே சி.டி. ஸ்கேனில் கண்டனர். எனினும் அது பலரது படங்களை ஒப்பிடுகையில் புலப்படும் வேறுபாடு. தனியொருவரின் படத்தைக் கொண்டு இந்நோய் உண்டென்றோ இல்லையென்றோ எவரும் கூற இயலாது. கட்டியோ இரத்தக்கசிவோ தென்படவில்லை என்பதே அந்த "ஒன்றுமில்லை"யின் பொருள். நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசியே மருத்துவர் இந்நோயை அறிகிறார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீ 28 உயிர்களைக் கொண்டது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் எங்ஙனம் ஓடுவர்? அவர்களையும் யாரோ ஒரு வாப்பாவோ உம்மாவோ நம்பித்தானே விட்டுவந்தனர்!

மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப்பகுதியே இருந்தது. ஓதிப்பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. நாமும் ஓதிக் கொடுப்பவர்கள்தாம். ஓதிய தண்ணீரிலேயே பிள்ளை மாத்திரையை விழுங்கட்டும்.