எக்ஸாமுக்கு வராத பாடம்



போன வாரம் எரிபொருள் பாடத்தில் ஷேல் வாயுவைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்கப் பேசினோம். அன்றிரவே பெற்றோர் குறூப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜ்: "சேர், இது எக்ஸாமுக்கு வருமா? அமெரிக்காவில தோண்டுற காஸப்பத்தி எங்கட புள்ளைகளுக்கு என்னத்துக்கு? ஸ்கூல்ல அரசியல் வாணாம்."

கேட்டவரோடு எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் பதிலை எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இயற்கை வாயு சுத்தமான எரிபொருள்" என்று கரும்பலகையில் எழுதிப் பாடமாக்க வைக்கிறோம். பொய்யில்லை. நிலக்கரியை எரிப்பதைவிட ஏறத்தாழ பாதி காபனீரொட்சைட்டுத்தான் வரும், சாம்பலும் இல்லை. நுரைச்சோலைப் புகைபோக்கியைப் பார்த்து வளரும் புத்தளத்துப் பிள்ளைக்கு இது பெரிய விடயம். ஆனால் அது எரிக்கும் இடத்துச் சுத்தம். எடுக்கும் இடத்தில்?

ஷேல் என்பது களி இறுகிக் கல்லான பாறை. உள்ளே சிக்கிய வாயு தானாக வெளியே வராது. கிலோமீற்றர் கணக்கில் கீழே துளைத்து, பக்கவாட்டில் குழாயைக் கொண்டுபோய், மணலும் இரசாயனமும் கலந்த தண்ணீரை உயர் அழுத்தத்தில் அடித்துப் பாறையைப் பிளக்க வேண்டும். ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லீற்றருக்கு மேல் தண்ணீர் போகலாம். அதில் திரும்பி மேலே வருவது கழிவு.

பென்சில்வேனியாவில் டிமொக் என்ற சிற்றூர். 2009 புதுவருட தினத்தில் ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. வாயுக் கிணறுகளிலிருந்து கசிந்த மெதேன் பல வீடுகளின் தண்ணீரில் கலந்திருந்ததாக மாநில அதிகாரிகள் முடிவு செய்தார்கள். கம்பனி மறுத்தது. கடைசியில் 2022 நவம்பரில்தான், குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட 1 கோடி 60 இலட்சம் டொலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. பதின்மூன்று வருடங்கள்! அதே பாறை பக்கத்து நியூயோர்க் மாநிலத்தின் அடியிலும் ஓடுகிறது. அங்கே 2014 இறுதியில் இந்த முறையைத் தடைசெய்வதாக அறிவித்துவிட்டார்கள்.

ஒரு மாணவன், குழாய்த் தண்ணீரில் தீப்பற்றும் வீடியோவைப் பற்றிக் கேட்டான். அதைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தால், அதுதான் அரசியல். நாங்கள் சொன்னது வேறு. சில இடங்களில் கிணற்று நீரில் மெதேன் இயற்கையாகவே இருக்கும். ஆழத்தில் பிளந்த பாறையை விட, கிணற்றைச் சுற்றிப் போட்ட சீமெந்தில் உள்ள ஓட்டைதான் பெரும்பாலும் வாயுவுக்கு வழி. அப்படியானால் யார் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? தோண்டுவதற்கு முன்னமே தண்ணீரைப் பரிசோதித்து வைத்திருக்க வேண்டும். பாடமே இதுதான்.

இது தூரத்துக் கதையும் இல்லை. கெரவலப்பிட்டியில் எல்.என்.ஜி.யில் ஓடக்கூடிய மின் நிலையம் கட்டியாயிற்று. 2023இல் உலகில் அதிகம் எல்.என்.ஜி. ஏற்றுமதி செய்த நாடு அமெரிக்கா. அங்கே எடுக்கப்படும் வாயுவில் பெரும்பகுதி ஷேல் வாயு. நாளை கப்பல் வந்தால், நமது வீட்டு வெளிச்சத்துக்கு யாருடைய கிணறு விலை கொடுத்தது என்று நமது பிள்ளை கேட்க வேண்டாமா?

கொழும்பு சுத்தமாவதற்கு அதன் குப்பை எங்கே வந்தது என்று புத்தளத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அறுவாக்காட்டுக்காக நாம் தெருவில் இறங்கினோம், கறுப்புக்கொடி கட்டினோம். ஆனால் நமது கிணற்றுத் தண்ணீர் அதற்கு முன் எப்படி இருந்தது என்ற அறிக்கை நம்மில் எத்தனை பேரிடம் இருந்தது? வுழூவில்கூடத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், அந்தத் தண்ணீரைக் காப்பாற்றும் வழியைச் சொல்லாமல் விட்டால் அது என்ன படிப்பு?

வரும் திங்கட்கிழமை பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவர வேண்டும். உவர்த்தன்மையும் பீஎச் பெறுமானமும் பார்த்து, திகதி போட்டுக் கொப்பியில் எழுதப் போகிறோம். வருடா வருடம் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

எக்ஸாமுக்கு வராதுதான். தயவுசெய்து போத்தலைக் கொடுத்தனுப்புங்கள்.