ஆற்றில் எடுத்தாலும் அளந்து எடுப்போம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் நாட்டுப் பழமொழி. கூட்டுறவுச் சங்கங்களில் கணக்கு எழுதுவோரும் தணிக்கை செய்வோரும் அடிக்கடி எடுத்தாளும் மொழியும் இதுவே. வீணாகப் போவதாயினும் அதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்பது இதன் கருத்து. ஆற்றில் போடுவதையே அளக்கச் சொன்ன இந்நாட்டில், ஆற்றிலிருந்து எடுப்பதை அளக்கும் வழக்கம் அற்றுப்போயிற்று. நூலுக்கும் விதைக்கும் உரத்துக்கும் கடனுக்கும் பேரேடு வைத்திருக்கும் நாம், இவை யாவற்றுக்கும் அடிப்படையான தண்ணீருக்குப் பேரேடு வைக்கவில்லை. பாலாற்றுப் பகுதியின் இன்றைய இடர்ப்பாட்டுக்கு மழைக்குறைவும் அயல் மாநிலத் தடுப்பணைகளும் காரணங்களே. எனினும், நாமே திருத்திக்கொள்ளக்கூடிய காரணம் இந்தக் கணக்கின்மையே என்பது என் துணிபு.

கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாற்றின் நீளம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். இதில் 93 கிலோமீட்டர் கருநாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளன. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம், செங்கற்பட்டுப் பகுதிகளைக் கடந்து, வயலூரை அடுத்து அது கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இவ்வாற்றில் மணலையே காண்கிறோம். பாலாறு வறண்டுவிட்டது என்று சொல்லி அப்பால் போகிறோம். ஆனால் மணலுக்குக் கீழே ஊறி நகர்வதே இவ்வாற்றின் இயல்பு. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். படுகையில் ஊற்றுக்கால்கள் வெட்டி, மழையற்ற திங்களிலும் வயலுக்கு நீர் கொண்டுசென்றனர். மணலே பாலாற்றின் களஞ்சியம். அம்மணலை வரம்பின்றி அள்ளியபோது களஞ்சியத்தின் சுவரை இடித்தோம். ஆழ்குழாய்களை வரம்பின்றி இறக்கியபோது உள்ளிருந்த சேமிப்பையும் இறைத்துவிட்டோம்.

இக்களஞ்சியத்தை நம்பியிருப்போர் பலர். கரையோர உழவர்கள் இருக்கின்றனர். பாலாற்றின் துணையாறாகிய வேகவதியின் கரையில் காஞ்சிபுரத்து நெசவாளர்கள் இருக்கின்றனர். பட்டுநூலுக்குச் சாயமேற்றவும் அலசவும் அவர்களுக்கு நல்ல நீர் வேண்டும். ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தொலைவிலுள்ள தாம்பரத்துக்கும் பாலாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து நெடுங்காலமாகக் குடிநீர் வந்துகொண்டிருக்கிறது. இத்தனை பேரும் ஒரே சேமிப்பின் பங்குதாரர்கள். ஆயினும் இவர்கள் ஓரிடத்தில் கூடி, இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டதில்லை.

மேல்மாநிலங்களோடுள்ள வழக்கை நான் சிறிதாக எண்ணவில்லை. சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் 1892-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இடம்பெற்றுள்ளது. ஆந்திர அரசு குப்பம் பகுதியில் அணை கட்ட முற்பட்டதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு 2006-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. நமக்குரிய நீதியை நாம் கேட்டே தீரவேண்டும். ஆனால் 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, வந்த நீரில் பெரும்பகுதி சில நாட்களில் கடலை அடைந்தது என்பதையும் மறத்தலாகாது. வரவேண்டிய நீருக்கு வழக்காடும் நாம், வந்த நீரை வைத்துக்கொள்ளவும் கற்கவேண்டும்.

நிலத்தடி நீரைப் பற்றி நம்மிடையே வேரூன்றியுள்ள எண்ணம் யாது? என் நிலம், என் கிணறு, என் தண்ணீர் என்பதே. நிலம் அவரவர்க்கு உரியதாகலாம்; நிலத்தடியில் நகரும் நீர் வரப்பை அறியாது. ஒருவர் நூறு அடி இறக்கினால் அடுத்தவர் இருநூறு அடி இறக்குகிறார். மூன்றாமவர் நகையை அடகு வைத்து நானூறு அடிக்கு முயல்கிறார். இறுதியில் ஆழமாக இறக்க வல்லவர்க்கே நீர் என்றாகிறது. நம் சங்கங்களில் ஒரு பங்கு வைத்திருப்பவர்க்கும் நூறு பங்கு வைத்திருப்பவர்க்கும் ஒரே வாக்கு. தண்ணீரிலோ குழாயின் நீளமே வாக்காக இருக்கிறது. காப்பு நிதியை எடுத்து ஆதாயப் பங்கு வழங்கும் சங்கத்தை எந்த ஆய்வாளரும் பொறுக்கமாட்டார். ஆண்டுதோறும் நாம் தண்ணீரில் செய்வது அதுவே.

கணக்கு எவ்வாறு இடுவது என்று அன்பர்கள் வினவலாம். அது கடினமன்று. ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர். நெற்பயிருக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தேவை. ஆகவே ஓர் ஏக்கர் நெல்லுக்கு 48 இலட்சம் லிட்டர். நிலக்கடலைக்குச் சுமார் 500 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 20 இலட்சம் லிட்டர். இனி வரவைப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை எனக் கொண்டால் ஓர் ஏக்கரில் விழுவது 40 இலட்சம் லிட்டர். பாறைப்பாங்கான நிலத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடியைச் சேர்ந்தாலே பெரிது. அது 4 இலட்சம் லிட்டர். முழுவதும் கிணற்றை நம்பிச் சொர்ணவாரி நெல் வைப்பவர், தம் ஓர் ஏக்கருக்காகப் பன்னிரண்டு ஏக்கர் நிலம் ஓராண்டில் சேர்த்ததை இறைக்கிறார். பாய்ந்த நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தில் இறங்கும் என்று கழித்துக்கொண்டாலும், அயலார் பங்கு இதில் அடங்கியுள்ளது என்பது தெளிவு.

உழவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நெல்லுக்கு அரசுக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. கேழ்வரகுக்கும் கடலைக்கும் அத்தகைய உறுதி எல்லா ஊரிலும் இல்லை. விற்க வழியுள்ள பயிரை வைப்பதே குடும்பம் காப்பவர் செயல். ஆகவே, பயிரை மாற்றுங்கள் என்று அறிவுரை கூறும் சங்கம், மாற்றுப் பயிரை வாங்கவும் விற்கவும் முன்வரவேண்டும். பயிர்க்கடன் நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் உள்ளது. ஊரின் நீர் இருப்பைப் பார்த்துக் கடன் திட்டம் வகுத்தால், சட்டத்தால் இயலாததைச் சங்கத்தால் செய்ய இயலும்.

இது புதிய கருத்துமன்று. பாலாற்றுப் பகுதியிலேயே அமைந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஏரி வாரியம் அமைக்கும் முறையைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். தண்ணீரை ஆளும் பொறுப்புக்குக் கணக்கையே தகுதியாக வைத்த ஊர் அது.

அண்மைக் காலத்திலும் சான்றுகள் உள்ளன. 1972-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின், மகாராட்டிரத்தின் புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே என்பவர் பானி பஞ்சாயத்து என்னும் அமைப்பைத் தொடங்கினார். அங்கே நீர் நிலத்தின் அளவுக்கு ஏற்பப் பங்கிடப்படவில்லை. தலைக்கு அரை ஏக்கர், குடும்பத்துக்கு மிகுதியாக இரண்டரை ஏக்கர் என்று பங்கிடப்பட்டது. நிலமற்றோர்க்கும் பங்கு உண்டு. கரும்புக்கு இடமில்லை. ஆந்திரத்தில், சித்தூர், அனந்தப்பூர் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில், இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உழவர்களே மழைமானி வைத்து மழையை அளந்தனர். கிணற்று நீர்மட்டத்தைக் குறித்தனர். பயிரிடும் பருவத்துக்கு முன் கூடி வரவு செலவு பார்த்தனர். அவர்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. இருப்பைக் கண்ணால் கண்டபின் பலர் தாமாகவே நீர் குறைந்த பயிருக்கு மாறினர்.

நெசவாளர் தோழர்களுக்கு ஒரு சொல். நீரின் அளவைப் போலவே அதன் தூய்மையும் கணக்கில் சேரவேண்டும். திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாயிற்று. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, உழைப்பாளர் பல்லாயிரவர் வேலையின்றித் தவித்தனர். பாலாற்றில் தோல் கழிவு பற்றிய வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996-இல் நிலைநாட்டியது. 2025 ஜனவரியில் அதே ஆற்றைப் பற்றி அந்நீதிமன்றம் மீண்டும் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. இடையில் கழிந்தவை 29 ஆண்டுகள். கெட்டபின் மீட்பது எவ்வளவு அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டா. தனித்தனிச் சாயத்தொட்டிகளுக்கு மாறாக, சங்கத்தின் பெயரால் ஒரு சாயச்சாலையும் ஒரு சுத்திகரிப்பு அமைப்பும் இருப்பின், நீரும் மிஞ்சும், தொழிலும் நிற்கும்.

நகரத்தாரும் தம் பங்கைச் செலுத்தவேண்டும். நான் குடியிருக்கும் ராஜகீழ்ப்பாக்கம் ஒருகாலத்தில் ஏரிப்பாசன ஊர். சேலையூர்ப் பக்கத்து உபரி நீர் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைவது பழைய அமைப்பு. வயல்கள் மனைகளாயின, ஆயக்கட்டுதாரர் இல்லாமையால் ஏரிக்குக் காவலர் இல்லாமற்போயினர். 2021-இல் இப்பகுதி தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் நான்கு பெரிய ஏரிகளும் வற்றியபோது, புறநகரத்தார் லாரித் தண்ணீருக்குக் காத்துநின்றனர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்று ஏற்றிவருவது ஓர் ஏக்கரில் மூன்று மில்லிமீட்டர் நீர். நகரத்தார் விலை கொடுப்பது வண்டிக்கே. எந்த ஊரின் நிலத்தடியிலிருந்து அது எடுக்கப்பட்டதோ அவ்வூர்க்குத் திரும்புவது ஒன்றுமில்லை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1,30,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் சட்டப்படி கட்டாயம். பல வீடுகளில் அது வரைபடத்தில் மட்டும் இருக்கிறது. கூரை நீரைக் கிணற்றுக்கும், தெரு நீரை ஏரிக்கும் விட்டுவிட்டுப் பாலாற்றுக்குக் கை நீட்டினால், அதில் ஒரு நியாயம் இருக்கும்.

கணக்கு வைத்தால் நாளை வரி வரும், இலவச மின்சாரம் போய்விடும் என்று உழவர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை இகழ்தல் தகாது. ஆதலால்தான் ஏடு ஊராரிடமே இருக்கவேண்டும் என்கிறேன். அதை எழுதுவோரும் படிப்போரும் உறுப்பினர்களே ஆகவேண்டும். அளவை ஊர் வைத்திருந்தால் அரசிடமும் ஆலையிடமும் நகரத்திடமும் எண்ணோடு பேசலாம். இல்லையேல் குறையை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் வரும் பேரவைக் கூட்டத்தில் நான்கு தீர்மானங்களை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதலாவது, ஊருக்கு ஒரு மழைமானியும், குறித்த சில கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் எழுதும் ஏடும் வைத்து, அதனைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதுதல். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தை மாதத்தில் கூடி, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியபின் எஞ்சுவதைக் கொண்டு எத்தனை ஏக்கரில் எப்பயிர் என்று முடிவு செய்தல். மூன்றாவது, அக்கூட்டத்தில் நிலமற்ற உழைப்பாளர்க்கும் தறிக்காரர்க்கும் பெண்களுக்கும் நிலமுடையார்க்குச் சமமான வாக்கு அளித்தல். நான்காவது, அம்முடிவுக்கு இசைந்த பயிர்களுக்கே கடனில் முன்னுரிமையும் விற்பனையில் துணையும் தருதல்.

1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தபோது, வட்டிக்காரனிடமிருந்து ஊரார் ஒருவரையொருவர் மீட்க இயலுமா என்று ஐயுற்றோர் பலர். அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தோன்றியது. அன்று பணத்தை ஒன்றுகூடி எண்ணக் கற்றோம். இன்று தண்ணீரை எண்ணக் கற்கவேண்டும். தை பிறக்குமுன் மழைமானி வாங்கும் செலவை மட்டும் எந்தச் சங்கமும் தள்ளிவைக்க வேண்டா. முதல் வரியை எழுத அதுவே போதும்.

— கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர், ராஜகீழ்ப்பாக்கம்